பன்னிரண்டு பேருக்கும் வியர்க்கிறது

பிள்ளையார்பாளையத்துச் சரிகை வியாபாரி சிவராஜ் தம் தராசையே நம்பாதவர். அதனால் இரண்டு தராசு வைத்திருந்தார். இரண்டும் ஒரே எடையைக் காட்டவே, தமக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்துவிட்டனவோ என்று மூன்றாவது ஒன்று வாங்கினார். காலையில் முகம் மழிக்கும்போது, கண்ணாடிக்குள் நிற்கிற ஆளை மேலும் கீழும் பார்த்து, அசல்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே கன்னத்தில் கத்தியை வைப்பார் என்று அவர் மனைவி இந்திராணி சொல்வாள். இந்திராணி எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள். ஆனால் இந்த விஷயத்தில் குறைத்துத்தான் சொல்லியிருந்தாள்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. முப்பது வருடமாகச் சரிகை வாங்கி விற்கிறவர். இழையின் முனையைப் பிரித்து, உள்ளே சிவப்புப் பட்டு நூல் ஓடுகிறதா என்று பார்க்காமல் ஒரு ரீலைக்கூட வீட்டுக்குள் விட்டதில்லை. வெளியே பொன்னாக மின்னுவது உள்ளே என்னவாக இருக்கிறது என்று கேட்பதே அவருடைய பிழைப்பு. அந்தப் பிழைப்பு மெல்ல மெல்ல ரத்தத்தில் ஏறிவிட்டதால், இட்லியைக்கூடப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கும் உலகத்தில் ஒரே ஒரு கூட்டாளி இருந்தார். பெயர் டேனியல். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பைக், ஆட்டோ சீட்டுகளுக்கு ரெக்சின் உறை தைக்கிற கடை. வீடு ஓரிக்கையில். இருவருக்கும் கூட்டு வியாபாரம் எதுவும் கிடையாது. கூட்டாக வைத்திருந்தது பன்னிரண்டு பொம்மைகளை.

பொம்மை என்று சொன்னால் இருவருக்குமே முகம் சுருங்கிவிடும். வீரர்கள் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு சாண் உயரம். ஜப்பானில் வார்த்த மெத்தென்ற பிளாஸ்டிக். கை கால் மடங்கும். முதுகில் போர்வை, இடுப்பில் ஆயுதம். உலகத்திலேயே இந்தப் பன்னிருவரும் முழுசாகச் சேர்ந்திருப்பது மூன்றே இடத்தில்தான், அதில் ஒன்று காஞ்சிபுரம் என்பார் சிவராஜ். மற்ற இரண்டு இடம் எது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் சென்னை பர்மா பஜாரில் ஒரு கடையில்தான் இருவரும் சந்தித்தார்கள். முதல் வீரனுடைய வலது காலைச் சிவராஜும் இடது காலை டேனியலும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். ஒருவரும் விடவில்லை. கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டுப் போய், பிரியாணி தின்று, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் இருவரும் பிடித்த கால் பிடித்தபடியே நின்றார்களாம். கடைசியில் சேர்ந்தே வாங்கினார்கள். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஒரே சீட்டில், ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மீதிப் பதினொரு பேரைத் தேடிப் பிடிக்கப் பதினொரு வருடம் ஆனது. பெட்டியில் இருந்த ஜப்பான் எழுத்து புரியாததால் பெயரும் இவர்களே வைத்தார்கள். முதலில் வந்தவன் தளபதி. அப்புறம் ரெட்டைக் கொம்பன், பச்சை முகத்தான். பதினொன்றாவதாக வந்தவன் முகமூடி போட்டவன். அதில் காபி வடிகட்டியைப் போல ஓட்டை ஓட்டையாக இருந்ததால் அவன் சல்லடையான்.

ஜனவரியிலிருந்து ஜூன் வரை வீரர்கள் சிவராஜ் வீட்டில். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை டேனியல் வீட்டில். ஜூலை முதல் ஞாயிறும் ஜனவரி முதல் ஞாயிறும் கைமாற்றும் நாள். இதற்கு ஓர் ஒப்பந்தமும் உண்டு. முதல் வீரன் வந்த வாரமே பழுப்புத் தாளில் சிவராஜே எழுதியது; அதில் ஒரு வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு: எவர் பொறுப்பில் இருக்கையில் வீரர்களுக்குக் கேடு வருகிறதோ, அவர் தம் பங்கை முழுவதுமாக மற்றவருக்கு இழப்பார். டேனியல் அதைப் படித்துவிட்டுச் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். ஏன் சிரித்தான் என்று சிவராஜ் அடுத்த ஒரு வாரம் யோசித்தார்.

இந்த வருடம் ஜூன் மாதம், கைமாற்ற இன்னும் மூன்று வாரம் இருக்கையில், தளபதியின் நெற்றி பளபளத்தது.

வீரர்கள் இருந்தது மாடியில், சரிகை இருப்பு வைக்கிற அறையில். சரிகைக்குக் காற்று ஆகாது. காற்றுப் பட்டால் கறுத்துப் போகும். அதனால் அந்த அறையில் காற்று நுழைந்து இருபது வருடம் ஆகியிருந்தது. சன்னல் எப்போதும் சாத்தியிருக்கும். வீரர்களின் கண்ணாடி அலமாரிக் கதவுக்கும் சிவராஜ் சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டி, சாத்தினால் எறும்பு மூச்சு விடவும் இடமில்லாமல் செய்திருந்தார். தலைக்கு மேலே மொட்டைமாடித் தளம். காஞ்சிபுரத்து வெயில் அதன் மேல் நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கும். அந்த அறைக்குள் ஒரு முட்டையைக் கொண்டுபோனால் வெளியே வரும்போது உரித்துத் தின்னலாம்.

சிவராஜ் அலமாரியைத் திறந்து தளபதியின் நெற்றியில் விரலை வைத்தார். விரல் ஒட்டியது. முகர்ந்தார், புது செருப்புப் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாடை. ரெட்டைக் கொம்பனின் கொம்புகளுக்கு நடுவிலும் ஒரு பிசுக்கு. பச்சை முகத்தானின் முகம் விளக்கெண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்தவன் முகம் மாதிரி மினுங்கியது. சிவராஜின் நெஞ்சில் பழுப்புத் தாளும், அதில் இரண்டு கோடு போட்ட வரியும் எழுந்து நின்றன. இது அவருடைய ஆறு மாதம். கேடு வந்திருப்பது அவருடைய அலமாரியில். மூன்று வாரத்தில் இதற்குக் காரணமானவனைக் கண்டுபிடிக்காவிட்டால் பன்னிரண்டு பேரும் ஓரிக்கைக்குப் போய்விடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள்.

யாரோ எண்ணெய்க் கையோடு தொட்டிருக்கிறார்கள். அது யார் என்பதுதான் கேள்வி.

முதல் சந்தேகம் மனைவி மேல் விழுந்தது. முந்தின நாள் அப்பளம் பொரித்தாயா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். இந்திராணி பதினெட்டு வருடமாக அந்தப் பன்னிருவரைத் திரும்பியும் பார்க்காதவள்.

"அடுப்பு கீழ இருக்குது, உங்க பொம்ம மேல இருக்குது" என்றாள். "அப்பளத்து எண்ண படி ஏறிப் போயி, கண்ணாடிக்குள்ள பூந்து, நெத்தியில மட்டும் பொட்டு வெச்சிக்கினு வந்துச்சா?"

பதில் சரியாக இருந்தது. சரியான பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களைத்தான் கவனிக்க வேண்டும் என்று சிவராஜ் மனதில் எழுதிக்கொண்டார். அலமாரிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டினார். அறை வாசலில் முகப்பவுடரைக் கொட்டிப் பரப்பினார். கதவின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத பட்டு இழை ஒன்றை ஒட்டினார். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது பவுடரில் ஒரு பல்லியின் காலடி தவிர வேறெதுவும் இல்லை, இழை அறுபடவில்லை. ஆனால் தளபதியின் எண்ணெய் மூக்கு வரை இறங்கியிருந்தது.

வருகிறவன் சாமானியன் இல்லை. அலமாரிக் கதவின் இடுக்கெல்லாம் பிளாஸ்டிக் டேப்பை மூன்று சுற்று ஒட்டினார் சிவராஜ். நான்கு நாள் கழித்துப் பிரித்தபோது எண்ணெய் கழுத்து வரை வந்திருந்தது. விடவில்லை அவர். சரிகை ரீல்களைக் காற்றுப் புகாமல் அடைக்க வைத்திருந்த சூட்டு இயந்திரத்தை எடுத்தார். பன்னிரண்டு பாலிதீன் உறை எடுத்தார். ஒவ்வொரு வீரனையும் உள்ளே போட்டு, வாயைச் சூட்டில் ஒட்டி, சரிகையை அடைப்பதுபோல அடைத்து நிறுத்தினார். இனி எமன் வந்தாலும் தொட முடியாது. இரண்டே நாளில் உறைகளுக்குள் வீரர்கள் எண்ணெயில் ஊறிய மாவடு மாதிரி நின்றார்கள். தளபதியின் போர்வை பாலிதீனோடு ஒட்டிக்கொண்டு, சிவப்புச் சாயம் உறையில் ஓர் இதழ் மாதிரி பதிந்திருந்தது.

புதன்கிழமைதோறும் டேனியல் வந்து வீரர்களைப் பார்த்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போவது வழக்கம். இந்த ஜூனில் சிவராஜ் அவரை அறைக்குள் விடாமல் ஏதேதோ சாக்குச் சொன்னார். மருந்து அடித்திருக்கிறது என்றார். சாவியைக் காணோம் என்றார். சாவி அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டு டேனியலையே பார்த்தது. டேனியல் கட்டாயப்படுத்தவில்லை. போகும்போது மட்டும் படியில் நின்று, "அண்ணா, அலமாரிய கொஞ்சம் தொறந்து காத்து உட்டு வைங்கண்ணா. மூடியே வெச்சா நல்லா இருக்காது" என்றார்.

இது சிவராஜை உலுக்கிவிட்டது. திறந்து வைக்கச் சொல்கிறான். யார் வேண்டுமானாலும் கை வைக்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறான். அவர் அலமாரியை அறையின் உள்மூலைக்கு நகர்த்தி, கதவு சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, மேலே ஒரு போர்வையும் போர்த்தினார்.

இந்த நேரம் பார்த்துத்தான் சிட்டிபாபு உள்ளே நுழைந்தார். சரிகைத் தரகர். ஊரில் ஒருவருக்குத் தும்மல் வந்தால் அது இருமலாக மாறுவதற்குள் நாலு தெருவுக்குச் சொல்லிவிடுகிறவர். சிவராஜ் எதையும் சொல்லவில்லை. என்றாலும் முகத்தைப் பார்த்தே பாதியைப் பிடுங்கினார், மீதியைத் தாமே சொல்லிக் கொடுத்தார்.

"அசலு இன்னாத்துக்குபா எண்ண உடும்? டூப்ளிகேட்டுதான் உடும். சரிகக்காரன், ஒனக்கு நான் சொல்லணுமா?"

சிவராஜுக்குத் தலையில் ஒரு கதவு திறந்தது. யாரும் உள்ளே வரவில்லை. வர வேண்டிய தேவையே இல்லை. ஜனவரியில் வந்தபோதே இவர்கள் அசல் இல்லை. ஆறு மாதம் தன் வீட்டில் வைத்திருந்தவன், அசலை எடுத்துக்கொண்டு போலியை அனுப்பிவிட்டான். போலி இங்கே உருகி வழியும். ஒப்பந்தப்படி இவர் பங்கு போகும். அசலும் போலியுமாக இருபத்து நான்கு பேரை வைத்துக்கொண்டு அவன் ஓரிக்கையில் உட்கார்ந்து பாலாற்றுக் காற்று வாங்குவான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஏன் சிரித்தான் என்பது இப்போது புரிந்தது.

சிட்டிபாபு சும்மா போகவில்லை. சரிகைக்காரர் வீட்டில் சிலைகளுக்கு வியர்க்கிறது என்று தெருவில் இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் இரண்டு பெண்கள் கற்பூரத் தட்டோடு வாசலில் நின்று, எந்தச் சாமி என்று கேட்டார்கள். இந்திராணி அவர்களுக்கு மோர் கொடுத்து, சாமி ஜப்பான்காரர், உங்கள் வேண்டுதல் அவருக்குப் புரியாது என்று சொல்லி அனுப்பினாள். அந்த இருவரும் டேனியல் அனுப்பிய உளவாளிகளாக இருக்கலாம் என்று சிவராஜ் சன்னல் வழியாக அவர்கள் தெருமுனை திரும்பும் வரை பார்த்தார்.

அசலா போலியா என்று பார்க்கச் சரிகைக்காரருக்கு ஒரே வழிதான் தெரியும். உள்ளே பார்ப்பது. மத்தியானம் இந்திராணி படுத்த பிறகு அவர் சல்லடையானை உறையிலிருந்து பிரித்து எடுத்தார். பன்னிருவரில் அவன்தான் அதிகம் கவனிக்கப்படாதவன். குப்புறப் போட்டு, கால் பாதத்தில், சரிகை பிரிக்கிற சின்னக் கத்தியால் சுரண்டினார். மேலே சாம்பல் நிறம். இன்னும் கொஞ்சம் சுரண்டினார். உள்ளேயும் சாம்பல். பாதத்தில் ஒரு புளியங்கொட்டை அளவு பள்ளம் விழுந்த பிறகும் சாம்பல்தான். சரிகையில் உள்ளே வேறு நிறம் வந்தால் அசல். இதில் வேறு நிறம் வந்தால் அசலா, வராவிட்டால் அசலா என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"செருப்பு தைக்கறீங்களா?" என்று வாசலில் இருந்து ஒரு குரல் கேட்டது. இந்திராணி தலையணை அச்சு கன்னத்தில் பதிந்தபடி நின்றுகொண்டிருந்தாள். சிவராஜ் சல்லடையானை உறைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றுமில்லை என்றார். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் போனது அவரை இன்னும் உறுத்தியது.

அடுத்த நாள் அவர் டேனியல் கடைக்கே போனார். பஸ் ஏற வந்தவர் மாதிரி ஒரு மஞ்சள் பையைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்க்கடை ஓரமாக அரைமணி நேரம் நின்றார். அவருக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நான்கு போயின. ஐந்தாவது பஸ்ஸின் கண்டக்டர் இரக்கப்பட்டு இவரைக் கையைப் பிடித்து ஏற்றவே பார்த்தார். அவரை உதறிவிட்டு சிவராஜ் சடாரென்று கடைக்குள் நுழைந்தார். டேனியல் திடுக்கிட்டார். மேசை மேல் இருந்த எதையோ தையல் இயந்திரத்துக்குக் கீழே தள்ளினார். அந்த ஒரு நொடி போதும். சிவராஜ் பார்த்துவிட்டார்: ஒரு பிளாஸ்டிக் மக், அதில் மெல்லிய பல்துலக்கும் பிரஷ் ஒன்று. பிரஷ்ஷின் முடியில் சிவப்பு. எந்தச் சிவப்பு என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தில் தளபதியின் போர்வைக்கு மட்டுமே உள்ள சிவப்பு.

போலிக்குச் சாயம் அடிக்கிற பிரஷ். கையும் களவுமாக.

இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். வரதர் கோயில் உற்சவக் கூட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். டேனியல் டீ வாங்கிக் கொடுத்தார். சிவராஜ் அதை டேனியல் ஒரு வாய் குடிக்கும் வரை தொடவில்லை. சுவரோரம் ரெக்சின் ரோல்கள், ஒன்றோடு ஒன்று படாமல், ராணுவ அணிவகுப்பு மாதிரி இடம் விட்டு நின்றன. இதில்கூட ஏதோ இருக்கிறது என்று நினைத்தபடியே வீடு திரும்பினார்.

ஜூலை முதல் ஞாயிறு வந்தது. காலை பத்து மணிக்கு டேனியல் ஆட்டோவில், பருத்தித் துணி விரித்த பெட்டியோடு வந்து இறங்கினார். சிவராஜ் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில், தீர்ப்புச் சொல்லப் போகிற நீதிபதி மாதிரி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மேசையில் பன்னிரண்டு உறைகள், வரிசையாக. அவற்றின் மேல் ஒரு துணி. துணியை அவர் மெதுவாக இழுத்தார். ஆறு நாளாக ஒத்திகை பார்த்த இழுப்பு.

டேனியல் முகத்தில் குற்றவாளியின் திகில் தெரியும் என்று எதிர்பார்த்தார். தெரிந்தது வேறு. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கப் போனவர் முகம் மாதிரி அது கலங்கியது.

"இன்னாண்ணா இது, உயிரோட கவர்ல கட்டி வெச்சிருக்கீங்க" என்றார் டேனியல்.

சிவராஜ் அசையவில்லை. நெற்றியில் எண்ணெய் வந்த நாளிலிருந்து தொடங்கினார். பவுடர், பட்டு இழை, டேப்பு, உறை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். யாரும் தொடாமலே எண்ணெய் வருகிறது, ஆகையால் இவர்கள் அசல் இல்லை என்றார். பிரஷ்ஷைச் சொன்னார், அதிலிருந்த சிவப்பைச் சொன்னார். காற்று விடச் சொன்ன சூழ்ச்சியைச் சொன்னார். பதினெட்டு வருடத்துக்கு முந்தின சிரிப்பையும் விடவில்லை. முடிவாக, அசல் பன்னிரண்டு பேரும் இன்று மாலைக்குள் இந்த மேசைக்கு வந்தாக வேண்டும் என்றார். சமையலறை வாசலில் நின்று இந்திராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டேனியல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இது அதே பன்னெண்டு பேருதாண்ணா. மாத்தல."

"எத்த வெச்சி சொல்ற?"

"டிசம்பர்ல எங்க வூட்லயும் இவங்களுக்கு இப்டித்தான் வேர்த்துச்சு."

டேனியல் தலை குனிந்தபடி சொல்லிக்கொண்டு போனார். ரெக்சினில் கை வைத்தால் மெத்தென்று இருக்கிறதே, அது சும்மா வருவதில்லை. பிளாஸ்டிக்கில் ஓர் எண்ணெயைக் கலந்துதான் அந்த மென்மை. வருடம் ஆக ஆக, சூடு ஏற ஏற, அந்த எண்ணெய் மேலே வரும். காற்றாட இருந்தால் தங்காமல் போய்க்கொண்டிருக்கும். மூடி வைத்தால் அங்கேயே நின்று பிசுபிசுக்கும். மூடிய கிடங்கில் அடுக்கின ரெக்சின் ரோலைக் கோடையில் தொட்டால் கை ஒட்டுவதும் இதனால்தான். வீரர்களும் அதே வகைப் பிளாஸ்டிக். போன வருடம் அவர் வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது தூசி படாமல் இரண்டு மாதம் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். திறந்தால் எல்லோருக்கும் வியர்வை. பயந்து போய், யாருக்கும் சொல்லாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்குகிற சோப்பை ஒரு சொட்டு விட்டு, பிரஷ்ஷால் தடவித் தடவிக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஜனவரியில் ஒன்றும் நடக்காத மாதிரி கொண்டுவந்து கொடுத்துவிட்டார். தளபதியை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்ததில் சாயம் பிரஷ்ஷுக்கு வந்துவிட்டது. திரும்ப வியர்க்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஆறு மாதமும் ஒரு புதன்கிழமைகூடத் தவறாமல் வந்தது. இந்த ஞாயிறு வீட்டுக்குப் போனதும் மறுபடி கழுவலாம் என்றுதான் பிரஷ்ஷையும் மக்கையும் எடுத்து வைத்திருந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கணும். கையெழுத்து போட்டிருக்கேனே, பங்கு பூடுமேன்னு வாய மூடிக்கினேன்" என்றார் டேனியல். "மொதல்ல கெட்டது என் பொறுப்புலதாண்ணா. எழுதினபடி நீங்களே வெச்சிக்கோங்க."

சிவராஜுக்குக் காது இரண்டும் குளிர்ந்தன. பன்னிரண்டு பேரும் அவருக்கு. முழுசாக, வருடம் பன்னிரண்டு மாதமும். அவர் சந்தேகப்பட்டது சரி. டேனியல் மறைத்தது உண்மை. மறைத்தது என்ன என்பதில் மட்டும் கொஞ்சம் பிசகு. அந்தக் கொஞ்சத்தைப் பெரிசுபடுத்தத் தேவையில்லை. பழுப்புத் தாளை எடுத்து வர எழுந்தார்.

டேனியல் போவதற்கு முன்னால் ஒவ்வொருவராக உறையைப் பிரித்து, துணியால் ஒற்றி, பெட்டிக்குள் வைக்காமல் மேசை மேலேயே நிறுத்திக்கொண்டிருந்தார். பதினொன்றாவதாகச் சல்லடையானை எடுத்து, நிறுத்தப் போனவர் நின்றார். அவன் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தான். திருப்பிப் பார்த்தார். பாதத்தில் பள்ளம்.

பழுப்புத் தாளோடு திரும்பி வந்த சிவராஜ் அதைப் பார்த்தார்.

"இது இன்னா, கொதறிக்கினு இருக்குது" என்று டேனியல் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் தனக்குத்தானே பேச ஆரம்பித்தார். "தகரப் பொட்டியில அடியில ஆணி ஒண்ணு நீட்டிக்கினு இருந்துச்சு. அதா இருக்குமோ. இல்ல எலி எதனா... நான் பாக்காம உட்டேன் போலக்குது. இவன யாரும் பாக்கறதே இல்ல. நானும் பாக்கல."

சிவராஜ் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். எலி மேல் பழி போகும், ஆணி மேல் போகும், டேனியல் மேல் போகும். அவர் அப்படியே நிற்கத்தான் நினைத்தார். ஆனால் தராசை, கண்ணாடியை, கட்டின மனைவியை, மோர் குடித்துவிட்டுப் போன பெண்களைக்கூட விடாமல் சந்தேகப்பட்ட மனிதருக்கு முன்னால், தன்னைத்தானே மட்டும் சந்தேகப்படுகிற ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிவராஜ் வாழ்நாளில் இப்படி ஒரு பிராணியைக் கண்டதில்லை. உள்ளே வேறு நிறம் இருக்கிறதா என்று அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். எவ்வளவு பார்த்தும் மேலே இருந்ததுதான் உள்ளேயும் இருந்தது.

"எலியும் இல்ல, ஆணியும் இல்ல" என்றார் சிவராஜ். குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "நான்தான் சொரண்டினேன். அசலான்னு பாக்க."

டேனியல் நிமிர்ந்தார். "பாதத்தையா?"

"உள்ள கலரு வேறயா இருக்குதான்னு பாத்தேன்."

"எந்தக் கலரு இருந்தா அசலு?"

"அதான் தெரியல."

டேனியலின் உதடு ஒரு பக்கம் துடித்தது. அவர் சிரிக்கப் போகிறாரா, சல்லடையானைத் தூக்கி அடிக்கப் போகிறாரா என்று சிவராஜால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் இந்திராணி முன்னால் வந்தாள். இரண்டு கையையும் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பழுப்புத் தாளை வாங்கி, கண்ணாடி போடாமல் தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

"டிசம்பர்ல இவரு கெடுத்தாரு, இவரு பங்கு போச்சு. ஜூன்ல நீங்க கெடுத்தீங்க, உங்க பங்கும் போச்சு. அப்போ இதுங்க யாருக்கும் இல்ல" என்றாள். தாளை நாலாக மடித்தாள். "யாருக்கும் இல்லன்னா என் வூட்டு மேச மேல இருக்கறது எனக்கு."

சிவராஜ் ஒப்பந்தத்தில் ஓட்டை இருக்கிறதா என்று மனதுக்குள் ஏழு தரம் தேடினார். அவரே எழுதியது, ஓர் ஓட்டைகூட விடவில்லை. டேனியலைப் பார்த்தார். டேனியல் இவரைப் பார்த்தார். எதிரெதிரே நின்றவர்கள் அந்தக் கணத்தில் ஒரே கட்சியாகிவிட்டார்கள், அதிலும் தோற்ற கட்சி.

இந்திராணி அன்றே நடவடிக்கையில் இறங்கினாள். கண்ணாடி அலமாரியின் கதவு இரண்டையும் ரப்பர் பட்டையோடு கழற்றச் சொன்னாள். அலமாரி மாடியை விட்டுக் கீழே வந்து, கூடத்தில், வெயில் விழாத, காற்று வருகிற சுவரில் நின்றது. யாரும் ஆறு மாதத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பார்க்க வேண்டுமானால் டேனியல் இங்கே வந்து பார்க்கட்டும், காபி எப்போதும்போல உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு இருவரும் உட்கார்ந்து கழுவ வேண்டும். ஒருவர் தனியாகக் கழுவக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைச் சிவராஜே கேட்டுச் சேர்த்தார். டேனியல் எப்படித் தேய்க்கிறான் என்று கண்ணால் பார்க்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

முதல் கழுவல் அப்போதே நடந்தது. பின்கட்டில் இரண்டு முக்காலி, நடுவில் ஓர் அகலப் பாத்திரம், கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர். டேனியல் சோப்பை ஒரு சொட்டு விட்டார். அது ஒரு சொட்டா, ஒன்றரையா என்று சிவராஜ் குனிந்து பார்த்தார். பிரஷ் போர்வை மடிப்புக்குள் போய் வந்தது, முழங்கால் மூட்டுக்குள் போய் வந்தது. தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் எண்ணெய் படர்ந்தது. டேனியல் பாலிதீன் ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் பிய்க்காமல் ஊறவிட்டு எடுத்தார். போன சாயம் போனதுதான், இனி வராது என்றார். கழுவினாலும் எண்ணெய் இன்னும் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருக்கும், உள்ளே இருக்கிற வரைக்கும். எல்லாம் வந்து முடிந்தால் ஆள் கட்டையாகி விறைத்துவிடுவான், அதைத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது என்றார். சிவராஜ் எவ்வளவு நாள் என்று கேட்டார். நாம் இருக்கிற வரைக்கும் தாங்குவார்கள் என்றார் டேனியல். இதை எப்படி நம்புவது என்று சிவராஜ் யோசித்துக்கொண்டே சல்லடையானின் முகமூடி ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். நாற்பத்தாறு ஓட்டை. ஒன்றைக்கூட விடவில்லை.

கழுவினவர்களை இந்திராணி ஒவ்வொருவராக வாங்கி, நிழலில் விரித்த பழைய வேட்டியில் படுக்க வைத்தாள். தளபதியை வாங்கியபோது முகத்தருகே தூக்கிப் பிடித்தாள். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக அவனை நேருக்கு நேர் பார்க்கிறாள்.

"இவன் பேரு இன்னா?"

"தளபதி" என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.

இந்திராணி அவனை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "தளபதி மாதிரி எங்க இருக்கறான். மூஞ்ச பாத்தா எங்க சின்ன மாமா துரைசாமி மாதிரி இருக்குது. துரைசாமின்னே கூப்டுங்க."

டேனியலின் கையில் பிரஷ் நின்றது. சிவராஜ் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, அடுத்த ஆளைத் தண்ணீரில் இறக்கினார்.